தாருக்கும் ஜிம்னிக்கும் வயர்லெஸ்: முதுநகர் படகு ரேடியோக் கடை எப்படி?

வண்டியில் வயர்லெஸ் பொருத்தக் கார் அலங்காரக் கடையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நேராகக் கடலூர் முதுநகருக்குப் போகலாம். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், விசைப்படகுகளுக்கு வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டும் ஜி.பி.எஸ்.ஸும் மீன் காட்டும் கருவியும் பொருத்தித் தருகிற சிறு கடைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் எங்கள் வீட்டு வண்டிகள் இரண்டுக்கும் வேலை நடந்தது. பெயரைச் சொல்லலாம் என்றால் கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. வலைக்கடைக்குப் பக்கத்தில் நீலக் கதவு, வாசலில் சாய்த்துவைத்த பழைய ஆன்டெனாக்கள், அடையாளம் அவ்வளவுதான்.

நான் அரியாங்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுகிறவர்களுக்கான ஹாம் உரிமம் எனக்கும் உண்டு, தம்பிக்கும் உண்டு. மாருதி ஜிம்னி என்னுடையது, மஹிந்திரா தார் அவனுடையது. காடாம்புலியூர் பக்கத்து முந்திரித் தோப்புகளில் உறவினர்களின் நிலம் இருக்கிறது. மழைக்குப் பிறகு அந்தச் செம்மண் பாதைகளில் வண்டி ஓட்டுவது எங்களுக்குப் பிடித்தமான வேலை. கடற்கரை மணலில் ஓட்டுவதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் ஏறி முட்டையிடும் கரை அது. டயர் போட அது இடமல்ல.

முன்னால் போகிற வண்டி பள்ளத்தைப் பார்த்ததும் பின்னால் வரும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். கைப்பேசியில் எண்ணைத் தேடி, மணி அடித்து, அவர் எடுத்து முடிப்பதற்குள் வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும். தோப்புக்குள் பல இடங்களில் சிக்னலும் கிடைப்பதில்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெங்கல் புயல் கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை நிரம்பி வழிந்தபோது, அதுவரை ‘இதெல்லாம் எதற்கு’ என்று கேட்டுக்கொண்டிருந்த தெருக்காரர்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

பொருத்தும் வேலைக்குப் போகும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வாங்கியபின் வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் பேசுவது ஹாம்களுக்கான 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். தேர்வு எழுதி உரிமம் வாங்காமல் அதில் வாய் திறக்கக் கூடாது. உரிமம் இல்லாத நண்பர்களுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உரிமம் தேவையற்ற அலைவரிசை இருக்கிறது. அதற்கு முறையான வகை ஒப்புதல் பெற்ற கையடக்க செட்டுதான் வேண்டும். சக்தி குறைவு, வெளியே ஆன்டெனா கட்டி வலுவாக்கும் எண்ணம் வேண்டாம். நாலைந்து வண்டிகள் ஒன்றின்பின் ஒன்றாகப் போகும்போது அது தாராளமாகப் போதும். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த சீன வாக்கி டாக்கிகளில் பெரும்பாலானவை எல்லா அலைவரிசையிலும் பேச வல்லவை, அதனாலேயே சிக்கலானவை. இவற்றை விற்ற இணைய அங்காடிகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் நோட்டீஸ் அனுப்பி, விற்பனைக்கு வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. 27 மெகாஹெர்ட்ஸ் குடிமக்கள் அலைவரிசையும் இருக்கிறது. அதில் ஆன்டெனாவுக்கு வேண்டிய கால் அலை நீளமே சுமார் 2.7 மீட்டர். முந்திரிக் கிளைகளுக்குக் கீழே அப்படியொரு கம்பியோடு போக விரும்புகிறவர்கள் போகட்டும்.

கடைக்காரரிடம் எனக்கு முதலில் மதிப்பு வந்ததும் சட்ட விஷயத்தில்தான். நான் காத்திருந்தபோது ஓர் இளைஞர் வந்து, தன் ஜீப்பில் படகு செட்டையே பொருத்தித் தரச் சொன்னார். “அதில் 16ஆம் சானல் உயிர் காக்கிற சானல், தம்பி. கரையில் உட்கார்ந்து அதில் பேசினால் கடலில் கூப்பிடுகிறவன் குரல் கேட்காமல் போகும். நான் செய்ய மாட்டேன்” என்று அனுப்பிவிட்டார். 156.8 மெகாஹெர்ட்ஸ் அது. விற்றிருந்தால் நல்ல லாபம்.

இனி தாரின் கதை. 2020இல் வந்த புதிய தாரின் கெட்டிக் கூரை இரும்பல்ல, ஃபைபர். தம்பி முதலில் புதுச்சேரியில் ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போயிருந்தான். காந்த அடிப்பாகம் ஃபைபரில் ஒட்டாது என்பதைக் கண்டுபிடித்த அந்தக் கடையினர், உள்ளங்கை அகல இரும்புத் தகட்டைக் கூரையில் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் காந்தத்தை வைத்து, அரை மீட்டர் கம்பியை நட்டு அனுப்பிவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டினால் முள் 3ஐத் தாண்டியது. அப்படியென்றால் செட் அனுப்புகிற சக்தியில் கால் பங்குக்கு மேல் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது. நல்ல செட் தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டைத் தானே குறைத்துவிடும். மலிவான செட் சூடேறிச் சாகும்.

காரணம் எளிது. கால் அலை ஆன்டெனா என்பது பாதி ஆன்டெனாதான். மற்ற பாதியாகக் கீழே விரிந்த உலோகப் பரப்பு வேண்டும்; 145 மெகாஹெர்ட்ஸில் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய அரை மீட்டராவது. உள்ளங்கைத் தகடு அதற்கு எந்த மூலைக்கு?

முதுநகர்க் கடைக்கார அண்ணன் மீட்டரைக்கூட எடுக்கவில்லை. கூரையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இது சக்கரம் வைத்த ஃபைபர் படகு அம்மா” என்றார். ஃபைபர் படகில் எங்கும் உலோகப் பரப்பு கிடையாது. அதனால் படகுக்காரர்கள் பெரும்பாலும் அரை அலை ஆன்டெனாதான் போடுவார்கள். கீழே உலோகம் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. அடியில் இருக்கும் சுருள் பொருத்தம் பார்த்துக்கொள்ளும். கார்க் கடையில் யாருக்கும் தோன்றாதது இவருக்குக் கூரையைத் தட்டிய மாத்திரத்தில் தோன்றியது.

படகு ஆன்டெனாவை அப்படியே தூக்கி வண்டியில் வைக்கவும் முடியாது. அது 156க்கு வெட்டப்பட்டது. நமக்கு 145 வேண்டும். அரை அலைக் கம்பி அங்கே சுமார் 96 சென்டிமீட்டர் என்றால் இங்கே 103. அடைத்துப் பூசிய படகு ஆன்டெனாக்களை நீட்ட வழியில்லை என்பதால், ஹாம்களுக்கான அரை அலைக் கம்பியை நானே தருவித்துக் கொண்டுபோனேன். அவர் பானெட் ஓரத்து உடலில் துருப்பிடிக்காத எஃகு எல்-பிராக்கெட் ஒன்றை வளைத்துப் பொருத்தினார். பின்கதவில் உள்ள உபரிச் சக்கரத் தாங்கியில் வைக்கலாமே என்றான் தம்பி. எல்லாரும் அங்கேதான் வைக்கிறார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கேபிள் மடங்கும், ஒரு வருடத்தில் உள்ளே கம்பி அறும் என்று அவர் மறுத்துவிட்டார். கம்பியை இம்மி இம்மியாக இறக்கி, மீட்டரில் 1.3க்குக் கொண்டுவந்தார். 1.5 என்றாலே திரும்புவது 4 சதவீதம்தான். 1.3ஐயும் குறைக்க மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண். அவரும் அதைச் செய்யவில்லை.

ஜிம்னியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரும்புக் கூரை, ஓரத்தில் மழைநீர் வடியும் வரம்பு. நடுவில் துளை போட்டுப் பொருத்துவதுதான் மின்காந்தக் கணக்குப்படி சிறந்தது. கூரையில் துளையிட எனக்கு மனம் வரவில்லை. காந்தம் வேண்டாம் என்றேன், அடியில் மணல் புகுந்து பெயின்டைத் தேய்த்துவிடும் என்பதால். வரம்பில் இறுகும் க்ளாம்ப் போட்டு, சாதாரண அரை மீட்டர்க் கால் அலைக் கம்பியை வைத்தோம். ஓரத்தில் இருப்பதால் கூரை விரிந்திருக்கும் பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், மறுபக்கம் கொஞ்சம் குறையும். பேச்சில் வித்தியாசம் தெரியவில்லை. க்ளாம்பின் திருகு பெயின்டைக் கீறித்தான் இரும்பைத் தொடும். தொடாவிட்டால் எர்த் கிடைக்காது. அந்தக் கீறலில் உப்புக் காற்று நுழைந்தால் துரு. கிரீஸ் தடவி மூடியிருக்கிறார். மாதம் ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார், பார்க்கிறேன்.

இந்தக் கடையின் உண்மையான கைத்திறன் இணைப்பில்தான் தெரிகிறது. நம் கடற்கரையில் ஆன்டெனா சாவது பெரும்பாலும் கனெக்டரில்தான். உள்ளே ஈரம் புகுந்து கேபிளின் செம்புப் பின்னல் கறுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இவர் பி.எல்.-259 கனெக்டரைச் சுருக்கி அழுத்துவதில்லை. பின்னலையும் உடலோடு சேர்த்துப் பற்றவைக்கிறார். பிறகு தன்னோடு தானே ஒட்டி ரப்பராகிவிடும் நாடாவைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுகிறார். அதன்மேல் சாதாரணக் கறுப்பு நாடா. கேபிள் வண்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டு, வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டும்படி செய்கிறார். கேபிளை வெட்டிப் பின்னலை எனக்குக் காட்டிவிட்டுத்தான் பொருத்தினார். சந்தையில் விற்கும் மலிவான ஆர்.ஜி.-58 கேபிளில் பின்னல் கொசுவலை அளவுக்குக்கூட நெருக்கமாக இருப்பதில்லை. நல்ல ஆர்.ஜி.-58 என்றால் வண்டியின் நான்கைந்து மீட்டருக்குப் போதும். தடித்த ஆர்.ஜி.-213ஐக் கதவு இடுக்குகளில் வளைக்கப் பாடுபட வேண்டாம்.

செட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. தாரில் ஐகாம் ஐசி-2300எச்: ஒரே அலைவரிசை, 65 வாட் வரை, பெரிய பொத்தான்கள், முரட்டு உடல். தாரின் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்பதால் செட்டைத் தரையில் வைக்காமல் டேஷ்போர்டுக்குக் கீழே உயரத்தில் பொருத்தச் சொன்னோம். ஜிம்னியில் இடம் குறைவு. அதற்கு முகப்பைத் தனியே எடுத்து வைக்கக்கூடிய ஐகாம் ஐசி-2730 சரியாக அமைந்தது. உடல் இருக்கைக்கு அடியில், முகப்பு கைக்கு எட்டும் இடத்தில். காற்றுப்பை விரியும் வழியில் எதையும் வைக்காதீர்கள்.

வாட் கணக்கில் மயங்கவும் வேண்டாம். தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே, சமவெளியில் ரேடியோ அடிவானம் சுமார் 11, 12 கிலோமீட்டர்தான். தோப்பும் வீடும் மேடும் அதிலும் பாதியைத் தின்றுவிடும். காடாம்புலியூர்த் தோப்புக்குள் நாங்கள் 5 வாட்டில் பேசினோம், 25 வாட்டிலும் பேசினோம். கேட்ட இடத்தில் இரண்டும் கேட்டன, கேட்காத இடத்தில் பெரும்பாலும் இரண்டுமே கேட்கவில்லை. ஆனால் வண்டிக்குள் ரப்பர் ஆன்டெனாவோடு உட்கார்ந்து பேசிய அதே 5 வாட் கையடக்க செட், வெளி ஆன்டெனாவில் மாட்டியதும் வேறு செட்டாகிவிட்டது. செட்டில் மிச்சம் பிடித்து ஆன்டெனாவிலும் அதைப் பொருத்தும் கூலியிலும் போடுங்கள்.

மின்சார வேலையில் இவருக்குப் பாதி மதிப்பெண்தான். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கம்பி இழுத்தார், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்தார், அது சரி. சிகரெட் லைட்டர் துளையிலிருந்து 50 வாட் செட்டுக்கு மின்சாரம் எடுக்கச் சொல்கிறவர்கள் இருக்கும் ஊரில் அது பெரிய விஷயம். ஆனால் படகுப் பழக்கத்தில் எதிர்மின் கம்பியையும் பேட்டரி முனையிலேயே மாட்டப் போனார். இப்போதைய வண்டிகள் பலவற்றில் அந்த முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அது இருந்தால், அதைத் தாண்டி உடலில் இருக்கும் எர்த் போல்ட்டில்தான் மாட்ட வேண்டும். நான் சொன்னதும் கோபப்படாமல் மாற்றினார்.

இரைச்சலைத் தேடும் வழக்கமும் அவருக்கு இல்லை. படகில் டீசல் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ரேடியோ இரைச்சல் யார் காதில் விழும்? வேலை முடிந்ததும் நீங்களே எஞ்சினை ஓடவிட்டு, இரைச்சலை அடக்கும் ஸ்கொல்ச்சைத் திறந்து, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தம்பியின் எல்.இ.டி. விளக்குப் பட்டையைப் போட்டதும் தூரத்துக் குரல்கள் சீற்றத்தில் மூழ்கிப்போயின. கம்பிகளில் ஃபெரைட் வளையங்கள் மாட்டியும் சீற்றம் முழுதாகப் போகவில்லை. பேசும்போது விளக்கை அணைக்கிறான். விலை குறைந்த யு.எஸ்.பி. சார்ஜரும் இதே வேலையைச் செய்யும்.

கூலி நியாயம்: இரண்டு வண்டிக்கும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள், பிராக்கெட் செய்ததும் அதில் அடக்கம். ரசீது கேட்டால் சிரிக்கிறார். தொலைபேசியை எடுப்பதில்லை. காலையில் விடுங்கள், மாலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். அவர் மாலை என்று சொல்வது மறுநாள் மாலை. உட்காரப் பெண்களுக்கு இடமில்லை என்று நினைத்தேன். யாருக்குமே இல்லை, எல்லாரும் ஐஸ் பெட்டியின்மேல்தான்.

எப்போது போவது என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையேறிப் பழுதுபார்க்க நிற்கும், அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜூன் முதல் இரண்டு வாரம் போனால் உங்கள் வண்டியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. ஆன்டெனாவையும் செட்டின் கையேட்டையும் நீங்களே கொண்டுபோங்கள், அவரிடம் வண்டிக்கான பொருள் எதுவும் இருப்பு இருக்காது. என் ஜிம்னியில் மைக் கொக்கியைக் கியருக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்கும் இடத்தில் வைத்திருக்கிறார். அதை மாற்ற அடுத்த வாரம் மறுபடியும் போக வேண்டும். இந்த முறை நாற்காலியும் கொண்டுபோவதாக இருக்கிறேன்.