களிமண்ணா, சிலிக்காவா, மரத்தூளா? பூனை மணல் ஒப்பீடு

கழிப்பதற்கென்று மணல் போட்ட டப்பா இருக்க, பூனை கதவோரம் போய் மூத்திரம் பெய்கிறதா? மணலை மாற்றுவதற்கு முன் ஒன்று. ஆண் பூனை டப்பாவில் குந்தி முக்கி முக்கிப் பார்த்து, சொட்டுகூட வராமல் எழுந்து போனால் மணல் பேச்சே வேண்டாம். மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம், உயிருக்கே ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, உடம்பில் கோளாறு இல்லை என்றால் மணலுக்கு வருவோம்.

என் ஓட்டு வாசனை சேர்க்காத பென்டோனைட் களிமண்ணுக்குத்தான். நனைந்த இடம் மட்டும் இறுகிக் கட்டியாகிவிடும். சல்லடைக் கரண்டியால் அள்ளினால் மிச்சம் சுத்தம். அந்தக் கட்டியே ஒரு கணக்குப் புத்தகம். நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொல்லையும் உண்டு: கனம், தூசி, பாதத்தில் ஒட்டிக்கொண்டு படுக்கை வரை வரும் துகள். கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் சின்னக் குட்டிகளுக்கும் இது வேண்டாம்.

சிலிக்கா ஜெல், அதாவது ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள், சோம்பேறிகளுக்குச் சொர்க்கம். மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மலத்தை மட்டும் அள்ளினால் போதும். ஆனால் எங்கள் பூனைக்கு அந்தக் கரகரப்பு பிடிக்கவே இல்லை. முன்காலை வைத்தது, உதறியது, அப்புறம் நான்கு காலையும் டப்பா விளிம்பில் ஊன்றிச் சர்க்கஸ்காரி மாதிரி நின்றபடி பெய்தது. மூடாமலே ஓடிவிட்டது. விளிம்பில் நிற்பது, காலை உதறுவது, மூடாமல் போவது எல்லாமே 'இது எனக்கு ஆகாது' என்று பூனை சொல்லும் விதம்.

மரத்தூள் குச்சிகள் லேசானவை, தூசியும் குறைவு. நனைந்தால் உதிர்ந்து தூளாகும். குட்டியிலிருந்தே பழகிய பூனைக்குச் சரி. பொடிமணலில் வளர்ந்தது பெரும்பாலும் முகம் சுளிக்கும்.

மூடி போட்ட டப்பாவா, திறந்ததா? மூடியை விரும்புவது பெரும்பாலும் நாம்தான். நாற்றம் உள்ளேயே தங்குவதால் நமக்கு அள்ள மறந்துபோகும்; உள்ளே போகும் பூனைக்கு அது மறக்காது. மூக்கிலிருந்து வாலடி வரை எவ்வளவு நீளமோ, அதைப்போல ஒன்றரை மடங்கு நீளத்தில் திறந்த டப்பா வையுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று டப்பா, அதுவும் வெவ்வேறு இடங்களில். வரிசையாக அடுக்கினால் பூனைக்கு அது ஒரே டப்பாதான்.

இன்னும் சந்தேகமா? இரண்டு டப்பாவில் இரண்டு வகை மணலைப் போட்டு ஒரு வாரம் வேடிக்கை பாருங்கள். கதவோரக் கறையை, மூத்திரத்தைச் சிதைக்கும் என்சைம் திரவத்தால் கழுவுங்கள். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம்; பூனை மூக்குக்கு அதுவும் மூத்திர வாடைதான்.