பழைய வாஷிங் மெஷின்: ரிப்பேரா, புதுசா?

மெஷின் நின்றதுமே எக்ஸ்சேஞ்ச் ஆஃபரைத் தேட வேண்டாம். முதலில் எது போயிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வெளியேறவில்லையா? டிரெயின் பம்ப்பில் சில்லறைக் காசோ ஹேர்பின்னோ சிக்கியிருக்கலாம். மோட்டார் முனகுகிறது, டிரம் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர். தண்ணீர் சொட்டுச்சொட்டாக ஏறினால் இன்லெட் வால்வின் வலையில் போர் தண்ணீர் உப்பு. இதெல்லாம் சின்னச் செலவு. 8 வருஷ மெஷினுக்கும் தாராளமாகச் செய்யலாம்.

டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் வேறு கதை. ஸ்பின்னில் மாவு மில் ஓடுகிற மாதிரி சத்தம் வந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சில ஃப்ரண்ட் லோடுகளில் டப்பை (டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டியை) ஒட்டியே மூடியிருப்பார்கள். பேரிங்குக்காக டப்பையே மாற்ற வேண்டிவரும். மெஷினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பிசிபி போர்டும் விலை அதிகம். (‘10 வருஷ வாரண்டி’ பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்தான் என்பது அப்போதுதான் தெரியும்!) செலவு புதுசின் விலையில் பாதியைத் தொட்டு, மெஷினுக்கும் 10 வயது தாண்டியிருந்தால் நான் புதுசுக்கே போவேன். ஃப்ரண்ட் லோடு தண்ணீர் குறைவாகக் குடிக்கும். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரிப்பேர்தான். டைமரைத் தெருமுனை மெக்கானிக்கே மாற்றிவிடுவார்.