உதகைக் குளிரில் ஆர்ட்டீமியா: தீனியும் கொழுப்பும்

உதகமண்டலத்தில் வீட்டிலேயே கோமாளி மீன் குஞ்சுகளை வளர்த்து வருகிறேன். அவற்றுக்குப் பல ஆண்டுகளாக நான் கொடுத்துவரும் உயிர்த்தீனி ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிரி. முட்டையிலிருந்து பொரித்து அப்படியே மீனுக்கு விடுவதற்கும், முதலில் ஆர்ட்டீமியாவுக்குத் தீனி ஊட்டி விடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரியது என்பதால் அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியாவில் டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் அநேகமாக இருப்பதில்லை. கடல்மீன் குஞ்சுகளால் அதைப் போதிய அளவு தாமே உருவாக்கிக்கொள்ள முடியாது. கண்ணும் நரம்பும் வளர அது தீனி வழியாகவே வந்து சேர வேண்டும். பொரிந்தவுடன் ஆர்ட்டீமியா எதையும் உண்ணாது. ஒருமுறை தோலுரித்த பிறகு, எதிர்ப்படும் நுண்துகள் எதுவானாலும் வடிகட்டி விழுங்கத் தொடங்குவதால், அதன் உடலில் எந்தக் கொழுப்பு சேரும் என்பதை நாம் கொடுக்கும் தீனியே பெரிதும் முடிவு செய்கிறது.

ஈஸ்ட் மலிவானது, தேவையான கொழுப்பு அதில் இல்லை. ஸ்பைருலினா பொடி கொடுத்தால் உருப்பெருக்கியில் குடல் பச்சைக் கோடாகத் தெளிவாகத் தெரியும், ஆனால் டி.எச்.ஏ. அதிலும் கிடையாது. நானோகுளோராப்சிஸ் பாசி இ.பி.ஏ. என்னும் மற்றொரு ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தைத் தரும், ஐசோகிரைசிஸ் பாசி டி.எச்.ஏ.வைத் தரும். மலையில் பாசி வளர்ப்பது கடினம் என்பதால் நான் தொடர்ந்து பயன்படுத்துவது மீன் எண்ணெய் எமல்ஷன், அதாவது எண்ணெயை நுண்துளிகளாக நீரில் கலக்கும்படி செய்த திரவம்.

அதை ஊற்றிய நீரில் நுரை கட்டும், ஆக்சிஜனும் விரைவாகக் குறையும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஹீட்டர் வைத்து 28 டிகிரிக்குக் கொண்டுவந்த உப்புநீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. ஆகவே டப்பாவில் குறித்த அளவை ஒரே தடவையில் ஊற்றாமல் பிரித்து ஊற்றுகிறேன். ஏர் பம்பை வேகமாக ஓடவிட்டு, மீனுக்குக் கொடுக்குமுன் ஆர்ட்டீமியாவை வலையில் நன்றாக அலசிக்கொள்கிறேன்.

ஊட்டிய கொழுப்பு நிலைத்திருப்பதில்லை என்பதுதான் இதில் முக்கியமானது. பட்டினி கிடக்கும் ஆர்ட்டீமியா டி.எச்.ஏ.வில் ஒரு பகுதியை எரித்துவிடும், ஒரு பகுதியை இ.பி.ஏ.வாக மாற்றிவிடும், வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளுக்குள்ளேயே இழப்பு கணிசமாக இருக்கும். 4 முதல் 10 டிகிரிக்குள் வைத்தால் இந்த மாற்றம் வெகுவாகக் குறைகிறது. பொரிப்பதற்குத் தடையாக இருக்கும் எங்கள் ஊர்க் குளிர் இதற்கு மிகவும் உதவுகிறது: மார்கழி, தை மாதங்களில் ஊட்டி முடித்தவற்றை வாளியில், மெல்லிய காற்றோட்டத்துடன் பின்கட்டில் வைத்தாலே போதும், ஃபிரிட்ஜ் தேவைப்படுவதில்லை. மீன் தொட்டியின் சூட்டில் அவை மறுபடி கொழுப்பை எரிக்கத் தொடங்குவதால், குஞ்சுகள் சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவை மட்டுமே ஒரு வேளைக்கு விடுகிறேன்.