கிட்டா, சப்வெர்ஷனா, மெர்க்குரியலா?

நான்கைந்து பேர் ஒரே மென்பொருளில் கை வைத்தால், எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று கணக்கு வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். அதற்கான கருவிகள்தான் கிட், சப்வெர்ஷன், மெர்க்குரியல் மூன்றும். "கிட் இருக்கும்போது பேச்சென்ன?" என்று முடித்துவிடுவார்கள் பலர். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

கிட்டும் மெர்க்குரியலும் ஒரே மாதத்தில் பிறந்தவை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழுவினர் பயன்படுத்திவந்த, இதே வகைக் கருவியான பிட்கீப்பரின் இலவச உரிமம் 2005-இல் பறிபோனது. அந்த ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டையும் ஒலிவியா மக்கால் மெர்க்குரியலையும் எழுதத் தொடங்கினார்கள். இரண்டிலும் முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கும். இணையம் எட்டாத ரயிலிலும் கமிட் செய்யலாம், அதாவது மாற்றத்தை வரலாற்றில் பதியலாம். சப்வெர்ஷன் இவற்றுக்கு அண்ணன், 2000-இல் தொடங்கியது. அதில் வரலாறு மைய சர்வரில்தான். சர்வர் படுத்தால் கமிட்டும் படுத்துவிடும்.

கற்றுக்கொள்ள எளிது மெர்க்குரியல். கிட்டில் கமிட்டுக்கு முன்னால் 'ஸ்டேஜிங்' என்றொரு திண்ணை உண்டு. கோப்பை அங்கே உட்கார வைத்துவிட்டு மறுபடியும் திருத்தி, அப்படியே கமிட் கொடுத்தால், உள்ளே போவது பழைய திருத்தம்தான். புதிதாக வருபவர்கள் இதில் ஒரு முறையாவது விழாமல் இருந்ததில்லை.

கிட் கொடுக்கும் அதிகாரமும் கொஞ்சம் அதிகம். எங்கள் குழுவில் ஒருவர் 'ஃபோர்ஸ் புஷ்' (பொது இடத்தில் இருப்பதன் மேல் தன் பிரதியை வலிந்து திணிக்கும் கட்டளை) கொடுத்து, மூன்று பேரின் இரண்டு நாள் உழைப்பை எல்லோரும் பகிரும் பொதுக் கிளையிலிருந்து துடைத்துவிட்டார். என் கணினியில் அந்தக் கமிட்டுகள் இருந்ததால் மீட்டோம். வினையும் மருந்தும் ஒரே இடத்தில்! அன்று மாலையே பிரதான கிளைக்குப் பாதுகாப்பு போட்டோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

படக் கோப்புகள் விஷயத்தில் சப்வெர்ஷன் பக்கம் சாய்வேன். நிரலில் இருவர் மாற்றியதை இணைக்கலாம். ஃபோட்டோஷாப் கோப்பில் முடியாது, ஒருவருடைய வேலை வீண்தான். சப்வெர்ஷனில் அத்தகைய கோப்புக்கு 'பூட்டு தேவை' என்று குறித்துவிட்டால், பூட்டை எடுக்கும்வரை அது படிக்க மட்டுமே திறக்கும். கிட்டுக்கும் எல்.எஃப்.எஸ். என்ற துணைக் கருவி வழியாகப் பூட்டு உண்டு, ஒட்டுப் போட்டது போல. பெரிய களஞ்சியத்தில் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த தொகுப்பில்) ஒரே ஒரு கோப்புறையை மட்டும் இறக்கிக்கொள்வதும் சப்வெர்ஷனில் வெகு இயல்பு.

மெர்க்குரியலைச் சொல்ல மனம் வருகிறது, வாய் வரவில்லை. பைத்தான் மொழிக் குழு 2011-இல் அதற்கு மாறி, 2017-இல் கிட்டுக்குப் போய்விட்டது. களஞ்சியங்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் சேவையான பிட்பக்கெட் 2020-இல் மெர்க்குரியல் ஆதரவையே நிறுத்தியது. கடைத்தெரு இல்லாத ஊரில் நல்ல வீடு. குடிபோக யார் வருவார்?

ஆகவே எங்களிடம் நிரல் கிட்டில், படங்கள் சப்வெர்ஷனில். மாதம் ஒருமுறையாவது ஓவியர் யாராவது கோப்பைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பூட்டை உடைக்கும் உரிமை எனக்கு உண்டு. இருந்தாலும் முதலில் தொலைபேசியில் கேட்டுவிடுவேன்.