பாக் சோய் மைட்டோகாண்ட்ரியாவுக்கு நீள ரீடு சீக்வென்சிங்: காசுக்குத் தகுந்த சேவைதானா?

பாக் சோய் என்ற சீனக் கீரையில் வீரிய ஒட்டு விதை எடுக்க, மகரந்தம் தராத ஆண் மலட்டு வரிசை வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் மலட்டுத்தன்மை தாய்வழி வருவது, அதன் காரணம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. ஆய்வாளர் ஒகுரா 1968-இல் ஜப்பானிய முள்ளங்கியில் கண்டதும் இந்த வகைதான். அதனால் எங்கள் வரிசைகளின் மைட்டோகாண்ட்ரியா ஜீனோமை, அதாவது அதன் மொத்த டி.என்.ஏ.வை, முழுதாகப் படிக்க ஒரு தனியார் ஆய்வகத்திடம் கொடுத்தோம்.

முன்பு வேறோர் இடத்தில் வாங்கியது 150 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள குட்டை ரீடுகள் (ரீடு என்பது ஒரே மூச்சில் படித்த டி.என்.ஏ. துண்டு). அவற்றை ஒட்டிச் சேர்த்த அசெம்பிளி துண்டு துண்டாகத்தான் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? பாக் சோய் பிராசிக்கா ராபா இனம். அதன் மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி ஆய்வாளர்கள் பாமரும் ஷீல்ட்ஸும் 1984-லேயே எழுதிவிட்டார்கள்: 218 கிலோபேஸில் (ஒரு கிலோபேஸ் 1,000 எழுத்து) ஒரு பெரிய வட்டம், அதிலிருந்து பிரிந்த 135, 83 கிலோபேஸ் வட்டங்கள் இரண்டு. பிரிவதும் சேர்வதும் சுமார் 2,000 எழுத்து நீளமான, இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வரும் ஒரு பகுதி வழியாக. 150 எழுத்துத் துண்டு அதை எப்படித் தாண்டும்? இந்த ஆய்வகம் தரும் ஹைஃபை என்ற துல்லியமான நீள ரீடு ஒன்றே 15,000 எழுத்துக்கு மேல் போகும்; இரு கரையையும் ஒரே ரீடில் பார்த்துவிடலாம்.

இந்த ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, மாதிரி அனுப்பும் முன்பே போனில் பேசியது. நாற்றை இருட்டில் வளர்த்து, வெளுத்த இலையை அனுப்பச் சொன்னார்கள். பச்சை இலையில் பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) டி.என்.ஏ. குவிந்து கிடக்கும், கட்டிய பணத்தில் பாதி அதைப் படிக்கவே போய்விடும். இவ்வளவு அக்கறையாகச் சொல்லித் தருபவர்கள் குறைவு.

முடிவுகளில் ஒற்றை வட்டத்தோடு நிறுத்தாமல் மூல ரீடுகளையும், துண்டுகள் எப்படி இணைகின்றன என்று காட்டும் ஜி.எஃப்.ஏ. கோப்பையும் தந்தார்கள். அதைப் படமாகக் காட்டும் பேண்டேஜ் மென்பொருளில் திறந்தால் மூன்று வட்டங்களுக்கான பாதையும் தெரிகிறது. அருமையான வேலை.

எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் மரபணு அடையாளமிடல்தான் குறை. மென்பொருள் தந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். நாட்5 மரபணுவின் துண்டுகள் ஜீனோமில் ஆங்காங்கே சிதறிக் கிடந்து, ஆர்.என்.ஏ. நிலையில்தான் ஒன்று சேரும். அறிக்கையிலோ அது 'சிதைந்த மரபணு'. நாட்1, நாட்2 இரண்டுக்கும் அதே கதி. கேட்டதும் திருத்தித் தந்தார்கள் என்றாலும், தாவர மைட்டோகாண்ட்ரியா தெரிந்த ஒருவர் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

விலை குட்டை ரீடைவிட நன்றாகவே கூடுதல். மலட்டு வரிசை வைத்து விதை உற்பத்தியில் இறங்குபவர்கள் தயங்காமல் கொடுக்கலாம். இனத்தை அடையாளம் காண மட்டும் என்றால் பசுங்கணிக ஜீனோமே போதும், குட்டை ரீடிலேயே முடிந்துவிடும். அடையாளமிடலுக்கு அவர்கள் தனியாகக் கேட்கும் கட்டணத்தை மட்டும் கட்டாதீர்கள். அதை நீங்களே செய்துகொள்ளுங்கள்.