எல்லைப்புறக் கதைப்பாடல்கள்: இரண்டு சிடி, கூடவே ஒரு புத்தகம்

மெக்சிகோ இசை என்றால் பெரிய தொப்பி, டிரம்பெட், மரியாச்சி என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஆர்ஹூலி என்ற அமெரிக்க இசை நிறுவனம் வெளியிட்ட 'கொரிடோஸ் இ த்ராஹேதியாஸ் தே லா ஃப்ரோந்தேரா' தொகுப்பில் பெரும்பாலும் இரண்டு குரல், ஒன்றிரண்டு கிதார், அவ்வளவுதான். 1928 முதல் 1937 வரை பதிவான, அமெரிக்க-மெக்சிகோ எல்லைப்புறத்துக் கொரிடோக்கள். நடந்த சம்பவத்தை ஊர், பேர், தேதியோடு சொல்லும் பாட்டுகள்.

இதில் எனக்கு உயிர் 'கிரெகோரியோ கொர்தேஸ்'. 1901-இல் டெக்சாஸில், குதிரைத் திருட்டு விசாரிக்க வந்த ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்), கிரெகோரியோ கொர்தேஸின் சகோதரனைச் சுட்டார்; கொர்தேஸ் ஷெரிஃபைச் சுட்டுக் கொன்றார். அப்புறம் பத்து நாள் ஓட்டம், பின்னால் நூற்றுக்கணக்கான ஆட்கள். பெத்ரோ ரோச்சாவும் லூபே மார்த்தீனேஸும் 1929-இல் சான் அந்தோனியோவில் இதைப் பாடியிருக்கிறார்கள். துப்பாக்கி பேசும் இடத்தில்கூடக் குரல் ஏறவில்லை. மளிகைக் கணக்கு வாசிக்கிற அதே தொனி. நம் சினிமாவாக இருந்தால் அங்கே ஐம்பது வயலின் அழுதிருக்கும்! இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் என்பதால் கதை பாதியில் அறுந்து, மறுபக்கத்தில் தொடர்கிறது. அந்த இடைவெளியில் ஆள் பிடிபட்டானா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக் கடத்தலைப் பாடும் 'எல் கோந்த்ராபாந்தோ தே எல் பாசோ' வேறு ரகம். கைதியே ரயிலில் லெவன்வொர்த் சிறைக்குப் போகிற வழியில் பேசுகிறான். கூட்டாளிகள் கைவிட்டதைச் சொல்லி, நண்பர்களை நம்பாதீர்கள் என்கிறான். வீரம் ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். பாட்டின் ஸ்பானிய வரிகளும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில்தான். அது இல்லாமல் கேட்டால் பாதி போய்விடும், ஏனென்றால் மெட்டு ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒரே மூச்சில் முழு சிடியைக் கேட்டால் எனக்கே சலிப்புத் தட்டுகிறது. நாலு பாட்டு, அப்புறம் ஒரு காபி.

ஆட்டம் வேண்டும் என்கிறவர்கள் மெக்சிகோவின் வெராக்ரூஸ் பக்கத்து நாட்டுப்புற இசையான சோன் ஹரோச்சோவுக்குப் போங்கள். அங்கே மரமேடைமேல் தட்டுகிற கால்களே தாள வாத்தியம். கூடவே ஹரானா என்ற சின்னக் கிதாரும் ஹார்ப்பும் சேர்ந்தால் உட்கார்ந்திருக்க முடியாது.

2016-இல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் ஆர்ஹூலியை எடுத்துக்கொண்டது. பழைய சிடி பெட்டி புத்தகத்தோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழைய தட்டுகளின் கரகரப்பு ஆகாதவர்களுக்கு இது சரிப்படாது.