யூடோராவை லினக்ஸுக்குக் குடிமாற்றினேன்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. என் மேசைக் கணினியோ விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய பெட்டி. லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைச்சூழலோடு நிறுவினேன். உலாவி, அச்சுப்பொறி, கணக்குவழக்குக் கோப்புகள் எல்லாம் ஒரே மாலையில் ஒழுங்குக்கு வந்துவிட்டன. யூடோராவுக்கு மட்டும் இரண்டு வாரம் ஆனது.

ஸ்டீவ் டார்னர் 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுதிய மின்னஞ்சல் நிரல் அது. விண்டோஸுக்கான கடைசிப் பதிப்பான 7.1.0.9 வந்தது 2006இல். இன்னுமா அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: அக்காவின் கடிதங்கள். டொரன்டோ போன புதிதில் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டி, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் அனுப்பியவை. நான் முயன்ற புதிய நிரல்களில் அவை கொம்பும் வாலும் முளைத்த ரோமன் எழுத்துகளாகத்தான் தெரிந்தன. யூடோராவில் எழுத்துருவை இணைமதி என்ற திஸ்கி எழுத்துருவுக்கு மாற்றினால் போதும், "அன்புள்ள தம்பிக்கு" என்று அக்கா பேசத் தொடங்கிவிடுவார். இன்றைய பொதுக் குறியேற்றமான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் கருவிகள் உண்டு. ஆறு ஆண்டுக் கடிதங்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டும் பொறுமைதான் இல்லை.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயினில் யூடோரா முதல் முயற்சியிலேயே எழுந்து நின்றது. கோப்புறையை அப்படியே நகலெடுத்தேன். அங்கேதான் பிசகு. யூடோராவில் ஒவ்வோர் அஞ்சற்பெட்டிக்கும் இரண்டு கோப்புகள்: மடல்கள் வெற்று உரையாக அடுக்கப்பட்ட எம்பிஎக்ஸ், அதன் அட்டவணையான டிஓசி. அட்டவணையைவிட மடல் கோப்பின் தேதி புதிதாக இருந்தால் யூடோராவுக்குச் சந்தேகம் வந்துவிடும். நகலெடுத்ததில் தேதிகள் மாறியிருந்தன. "அட்டவணையைப் புதிதாகக் கட்டவா?" என்று கேட்டது. சரி என்றேன். நான் எப்போதோ அழித்த மடல்கள் எல்லாம் உயிர்த்தெழுந்து வரிசையில் நின்றன. படித்தது, பதில் எழுதியது என்ற அடையாளங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, தேதி மாறாமல் மறுபடி நகலெடுத்தேன்.

மடலோடு வந்த இணைப்புக் கோப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றை யூடோரா தனிக் கோப்புறையில் போட்டுவிட்டு, மடலில் முழு முகவரியை மட்டும் எழுதி வைக்கும். ஒயினுக்குள்ளும் ஒரு சி டிரைவ் இருப்பதால் பழைய பெயரிலேயே கோப்புறையை வைத்தேன். 2003இல் வந்த படங்கள்கூட ஒரே சொடுக்கில் திறக்கின்றன.

அக்காவின் கடிதங்கள் முதலில் சிதைந்துதான் வந்தன. கணினியின் மொழியைத் தமிழாக வைத்திருந்ததுதான் காரணம். ஒயினை மட்டும் ஆங்கில மொழி அமைப்பில் தொடங்கியதும் சரியாகிவிட்டது. தமிழ் படிக்கத் தமிழை அணைக்க வேண்டியிருந்தது!

அடுத்தது ஆல்ட் விசை. அதை அழுத்தியபடி அனுப்புநர் பெயரைச் சொடுக்கினால் அவருடைய மடல்கள் அனைத்தும் ஒன்றாகக் கூடும். எனக்கு மிகவும் பிடித்த வசதி. எக்ஸ்எஃப்சிஇயில் ஆல்ட் என்பது சாளரத்தை இழுக்கும் விசை. சொடுக்கினால் யூடோராவே நகர்ந்தது. அமைப்புகளில் அந்த வேலையை வேறு விசைக்கு மாற்றினேன்.

புது மடல் எடுப்பதுதான் உண்மையான தலைவலி. யூடோராவுக்குத் தெரிந்த 2006இன் மறையாக்கத்தை இன்றைய அஞ்சல் வழங்கி ஏற்பதில்லை. ஸ்டனல் என்ற சிறு நிரலை நடுவில் நிறுத்தினேன். யூடோரா கணினிக்குள்ளேயே அதனிடம் பேசும். அது மறையாக்கம் செய்து வெளியே பேசும். வழக்கமான கடவுச்சொல்லும் செல்லவில்லை. செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் வாங்க வேண்டியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் யூடோராவுக்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. இன்று தமிழில் எவர் எழுதினாலும், தலையில் கோடு விழுந்த ரோமன் 'ஏ'யும் வட்டமிட்ட 'ஆர்' குறியும் வரிவரியாக ஓடும். அதனால் அதே கணக்கைத் தண்டர்பேர்டு என்ற புதிய மின்னஞ்சல் நிரலிலும் வைத்திருக்கிறேன். ஆங்கில மடல்களும் பழைய கடிதங்களும் யூடோராவில், புதிய தமிழ் தண்டர்பேர்டில். அக்கா இப்போது கைப்பேசியிலிருந்துதான் எழுதுகிறார், இரண்டே வரி. அது தண்டர்பேர்டில் வந்து விழுந்ததும், யூடோராவைத் திறந்து ஆல்ட்டை அழுத்தி அவர் பெயரைச் சொடுக்குகிறேன்.